கேப்ஸ் லாக்கைத் தமிழ் விசையாக்கலாம், தெரியுமா?

லினக்ஸ் மின்ட்டைப் புதிதாக இன்ஸ்டால் செய்து முடித்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, முதல்முறையாக உள்ளே நுழைகிறீர்கள். கீழே ஒரு பேனல், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். பளிச்சென்று, சுத்தமாக இருக்கிறது. பலரும் அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது: இந்தத் திரையில் தெரிகிற எதுவும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை! ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு. அதை மாற்ற நீங்கள் யாரையும் கேட்க வேண்டாம்.

கீபோர்டிலிருந்தே தொடங்குவோம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஆனாலும் தமிழில் தட்டச்சு செய்கிற நம் எல்லாருடைய கீபோர்டிலும், இடது சுண்டுவிரல் எட்டுகிற அருமையான இடத்தில், கேப்ஸ் லாக் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதையே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவுகிற விசையாக ஆக்கிவிடலாம், தெரியுமா? சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் லேஅவுட்ஸ். தமிழைச் சேர்த்துவிட்டு ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் நீளமான பட்டியல் ஒன்று விரியும். எந்த விசையால் லேஅவுட் மாற வேண்டும் என்ற பகுதியில் கேப்ஸ் லாக்கும் இருக்கும், டிக் செய்துவிடுங்கள். அங்கேயே நிறுத்தாதீர்கள்! அதே பட்டியலில் கீபோர்டு விளக்குகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாவது மொழிக்கு மாறியதும் கேப்ஸ் லாக் விளக்கு எரிய வேண்டும் என்று சொல்லிவிடலாம். விளக்கு எரிந்தால் தமிழ், அணைந்திருந்தால் ஆங்கிலம். இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று திரையின் மூலையை எட்டிப் பார்க்கிற தொல்லை அன்றோடு ஒழிந்தது.

அந்த லேஅவுட் பட்டியலில் தமிழுக்கு ஒன்றல்ல, பல வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எண் விசைகளைத் தட்டும்போது ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களே வந்து விழும்! பஞ்சாங்கத்திலும் பழைய கல்வெட்டுகளிலும் பார்த்த எண்கள் உங்கள் கீபோர்டிலிருந்து வருவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் உள்ளவை இந்த விசைக்கு இந்த எழுத்து என்கிற நேரடி வரைபடங்கள், தானாகப் புள்ளி வைக்காது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையின் முழு அழகைப் பார்க்க, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக வந்து உட்காரும். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்களில் 'அம்மா' தயார். இ, ஞ, ச, இ என்றால் 'இஞ்சி'! மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தால் நடுவில் புள்ளி வரும் என்று மென்பொருளுக்கே தெரிந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்தைக் கீபோர்டுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

காம்போஸ் விசை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதே ஆப்ஷன்ஸ் பட்டியலில் வலது ஆல்ட் விசையைக் காம்போஸ் விசையாக நியமித்துவிடுங்கள். பிறகு அதை ஒருமுறை தட்டி, பெரிய ஆர் எழுத்தையும் சமக்குறியையும் தட்டிப் பாருங்கள். ₹ வந்து நிற்கும்! காம்போஸ், ஒன்று, இரண்டு என்று தட்டினால் ½. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குறியைக் கையால் எழுதினால் எந்தக் கோடுகளைச் சேர்ப்போமோ அவற்றைத் தட்டினாலே பெரும்பாலும் சரியாக வரும். இந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களுக்கு எத்தனை குறும்பு பாருங்கள்: எல், எல், ஏ, பி என்று நான்கு பெரிய எழுத்துகளுக்கு ஸ்டார் டிரெக் தொடரில் ஸ்பாக் கைவிரல்களைப் பிரித்துக் காட்டும் வணக்கக் குறி வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய செய்தி, இந்தப் பட்டியலை நீங்களே நீட்டலாம் என்பது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளி, எக்ஸ்காம்போஸ் என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். ஒரு குறிக்குப் பதிலாக முழுச் சொல்லையோ வாக்கியத்தையோகூடக் கொடுக்கலாம். காம்போஸ், வி, கே என்று தட்டினால் 'அன்புடையீர், வணக்கம்' என்று வர வேண்டுமா? ஒரே ஒரு வரி எழுதினால் வரும்.

மெனுக்கள் ஆங்கிலத்திலும் கடிகாரம் தமிழிலும் இருக்கலாம், தெரியுமா? லினக்ஸில் மொழி என்பது ஒற்றை சுவிட்ச் அல்ல. செய்திகளுக்கு ஒரு மொழி, தேதிக்கு ஒரு மொழி, பணத்துக்கு ஒரு வழக்கம், காகித அளவுக்கு ஒரு வழக்கம் என்று தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மின்ட்டின் லாங்குவேஜஸ் பகுதியில் நேர வடிவத்துக்கு மட்டும் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். மெனுக்களில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆனால் கிழமை 'வெள்ளி' என்று தமிழில் நிற்கும். தமிழில் இந்தியா, இலங்கை என்று இரண்டு தனி அமைப்புகளே இருக்கின்றன. ஒரே மொழிக்குள்ளும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு என்பதை அடித்தளத்திலேயே மதித்திருக்கிறார்கள்.

எழுத்துரு மாற்றுவது இன்னும் எளிது. பிடித்த தமிழ் எழுத்துருவை ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டாலே போதும்.

இனி, இந்த அதிசயங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற பெரிய அதிசயத்துக்கு வருவோம். லினக்ஸில் மட்டும் ஏன் இத்தனை விதமான டெஸ்க்டாப்கள்? சின்னமன், கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே... பதில் 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது! அங்கே எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்கள் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். திரையில் விண்டோக்களை வரையும் வசதியை மட்டும் நாங்கள் தருகிறோம். அந்த விண்டோவுக்குத் தலைப்புப் பட்டை இருக்க வேண்டுமா, மூடும் பொத்தான் இடதா வலதா, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதா பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா என்பதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். துணியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, சட்டையாகத் தைப்பதா பாவாடையாகத் தைப்பதா என்பதை நம்மிடமே விட்டதுபோல! அந்தத் தைக்கிற வேலையைச் செய்ய விண்டோ மேனேஜர் என்று ஒரு தனி நிரல் வந்தது. தனி நிரல் என்பதால் யார் வேண்டுமானாலும் புதிதாக ஒன்று எழுதலாம். எழுதினார்கள், எழுதினார்கள், நாற்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எக்ஸின் இடத்தை இன்று மெல்லப் பிடித்துவரும் வேலண்ட், 2008இல் தொடங்கியபோது வரைவதையும் அடுக்குவதையும் ஒரே நிரலுக்குள் சேர்த்துவிட்டது. ஆனாலும் எந்த நிரல் என்பது இன்றும் உங்கள் தேர்வுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் விண்டோ மேனேஜரை மட்டும் நிறுத்தினால், அது வரைந்த தலைப்புப் பட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். உள்ளே நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது! மின்ட்டின் சின்னமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒட்டுமொத்த டெஸ்க்டாப்பும் ஒரு கண்சிமிட்டலில் புதிதாகத் தொடங்கும். ஃபயர்ஃபாக்ஸில் திறந்திருந்த பக்கங்கள் அப்படியே காத்திருக்கும். பேனலோடு விளையாடி ஏதாவது குழம்பிவிட்டால் முதலில் கை போக வேண்டிய இடம் இதுதான்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று டெஸ்க்டாப்களை நிறுவிக்கொள்ளலாம் என்பதும் இதனால்தான். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதைச் சொடுக்கினால், இன்றைக்குச் சின்னமனா, எக்ஸ்எஃப்சிஇயா என்று தேர்ந்தெடுக்கலாம். கோப்புகள் எல்லாம் இரண்டுக்கும் பொது.

பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் கதை இன்னும் சுவாரஸ்யம்! 1990களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள் படம் திருத்துவதற்கு கிம்ப் என்ற மென்பொருளை எழுதினார்கள். பொத்தான், மெனு வரைய அப்போது கிடைத்த மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால் சொந்தமாகவே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். அதுதான் ஜிடிகே. 1996இல் லாரி யூயிங் லினக்ஸின் பென்குவின் சின்னமான டக்ஸை வரைந்தது இதே கிம்ப்பில்தான்! அதே 1996 அக்டோபரில் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ டெஸ்க்டாப்பை அறிவித்தார். அது பயன்படுத்திய க்யூட்டி தொகுப்பின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரமானதாக இல்லை. அது பொறுக்காமல் 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகெல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கியபோது, பொத்தான் வரைய எடுத்துக்கொண்டது அந்த இரண்டு மாணவர்களின் ஜிடிகேயை. இன்று மின்ட்டில் நீங்கள் சொடுக்குகிற பொத்தான்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். கேடிஇ தரப்பும் சளைத்ததல்ல. அவர்களின் கான்கரர் பிரௌசருக்காக எழுதிய கேஹெச்டிஎம்எல் என்ற உள்ளியந்திரத்தை எடுத்துத்தான் ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட்டைச் செய்தது. அந்த வெப்கிட்டிலிருந்து கிளைத்ததுதான் உங்கள் போனில் இருக்கும் கூகுள் குரோமின் உள்ளியந்திரம்!

அந்த ஜிடிகே பொத்தான்களின் அழகை இன்று தீர்மானிப்பது எது தெரியுமா? வெப்சைட்களை அலங்கரிக்கிற அதே சிஎஸ்எஸ்! 2011இல் வந்த ஜிடிகே 3 முதல் இந்த வசதி. ஸ்க்ரோல்பார் மவுஸுக்குச் சிக்காமல் நூல்போல் மெலிந்திருக்கிறதா? ஹோம் ஃபோல்டரில் அதற்கென்று உள்ள கோப்பில் நாலு வரி எழுதினால் அகலமாகும். எழுத வேண்டாம், தேர்ந்தெடுத்தாலே போதும் என்பவர்களுக்கும் மின்ட்டில் வழி உண்டு. தீம்ஸ் பகுதியில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸுக்குள் போனால் மவுஸ் பாயின்டர், அப்ளிகேஷன்கள், ஐகான்கள், டெஸ்க்டாப் நான்கையும் தனித்தனியாகக் கலந்து போடலாம்.

சில சின்ன அதிசயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். விண்டோவை நகர்த்தத் தலைப்புப் பட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டாம். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தைப் பிடித்தும் இழுக்கலாம். பேனலில் ஸ்பீக்கர் ஐகான் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினாலே சத்தம் கூடும், குறையும். ஓர் எழுத்துப்பகுதியை மவுஸால் தேர்ந்தெடுத்தாலே அது நகலாகிவிடுகிறது, சக்கரத்தை அழுத்தினால் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி வேலை செய்வது வேறொரு கிளிப்போர்டில், அதனால் ஒரே சமயத்தில் இரண்டு நகல்களைக் கையில் வைத்திருக்கலாம்! கோப்பு மேலாளரில் எஃப்3 அழுத்தினால் விண்டோ இரண்டாகப் பிளந்து இரண்டு ஃபோல்டர்களும் அருகருகே நிற்கும்.

டெர்மினலைத் திறங்கள். அந்தக் கறுப்பு விண்டோ ஏன் சரியாக 80 எழுத்து அகலத்தில் திறக்கிறது? 1928இல் ஐபிஎம் நிறுவனம் தன் துளையட்டையை 80 நெடுவரிசைகளோடு வடிவமைத்தது. அட்டைகள் போய்த் திரைகள் வந்தபோதும் அந்த 80 அப்படியே ஒட்டிக்கொண்டது. 1978இல் வந்த விடி100 முனையமும் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். ஏறக்குறைய நூறு வயதான ஓர் அட்டையின் அளவு இன்று உங்கள் திரையில்! தமிழ் எழுத்துகள் அகலமானவை, 80 போதாது. ப்ரிஃபரன்ஸஸில் 120 என்று மாற்றிவிட்டுப் பாருங்கள், மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருக்கும்.

டெர்மினலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ~ என்று ஒரு நெளிகோடு நிற்கிறதே, அதற்கு ஹோம் ஃபோல்டர் என்று பொருள். அது எப்படி வந்தது? 1976இல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் கீபோர்டில் ஹோம் என்ற சொல்லும் இந்த நெளிகோடும் ஒரே விசையில் அச்சாகியிருந்தன. அவ்வளவுதான் காரணம்! அதே கீபோர்டில் ஹெச், ஜே, கே, எல் விசைகளில் அம்புக்குறிகளும் இருந்தன. பில் ஜாய் தன் விஐ எடிட்டரை எழுதியது அந்த முனையத்தில். அதனால்தான் இன்றும் அதன் வாரிசான விம் பயன்படுத்துகிறவர்கள் அந்த நான்கு எழுத்துகளால் திரையில் நடமாடுகிறார்கள்.

கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் என்று தட்ட வேண்டியதை அவசரத்தில் எஸ்எல் என்று மாற்றித் தட்டுபவரா நீங்கள்? அந்தத் தட்டச்சுப் பிழைக்கென்றே 1993இல் ஜப்பானைச் சேர்ந்த தொயோதா மசாஷி ஒரு நிரல் எழுதினார். நிறுவிக்கொண்டால், தவறாகத் தட்டும் ஒவ்வொரு முறையும் எழுத்துகளால் ஆன நீராவி ரயில் ஒன்று புகை கக்கிக்கொண்டு திரையின் குறுக்கே முழுசாக ஓடி முடிக்கும். நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய உதவும் சுடோவுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. 1980இல் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கட்டளை அது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டும்போதெல்லாம் விதவிதமாகத் திட்டும்!

இவ்வளவு மாற்றினால் எதையாவது உடைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். 2017இல் வந்த மின்ட் 18.3இலிருந்து, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. கை வைப்பதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். முதல் ஸ்னாப்ஷாட்தான் இடம் பிடிக்கும், அடுத்தடுத்தவை மாறிய கோப்புகளை மட்டுமே புதிதாகச் சேர்க்கும். ஆனால் இயல்பாக அது காப்பாற்றுவது சிஸ்டத்தை மட்டுமே. உங்கள் படங்களுக்கும் கட்டுரைகளுக்கும் தனியாக நகல் எடுத்தாக வேண்டும்.

இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் 5 சதவீதம் சிஸ்டத்துக்கென்று சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறது! ஒரு டெராபைட் டிஸ்க் என்றால் சுமார் 50 ஜிபி. டிஸ்க் முழுக்க நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. சிஸ்டம் இருக்கும் பகுதியில் அது இருக்கட்டும். படங்களும் பாட்டுகளும் மட்டும் வைக்கிற தனி டிஸ்க்கில் அதற்கு அவசியமே இல்லை. ட்யூன்2எஃப்எஸ் என்ற ஒரே கட்டளையால் 1 சதவீதமாகக் குறைத்தால், காசு செலவில்லாமல் 40 ஜிபி கைக்கு வரும்.

சரி, செய்த மாற்றங்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன? ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் ஹெச் அழுத்துங்கள். இதுவரை கண்ணில் படாத ஃபோல்டர்கள் வரிசையாக எழுந்து நிற்கும், எல்லாப் பெயர்களும் புள்ளியில் தொடங்கும். இந்த மறைக்கும் வழக்கமே தற்செயலாகப் பிறந்தது, தெரியுமா? லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் ஃபோல்டர் பட்டியலில் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்கள் எப்போதும் தெரிந்துகொண்டிருந்தன. அவற்றை மறைக்க, யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சனோ டென்னிஸ் ரிச்சியோ, முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் காட்டாதே என்று குறுக்குவழியில் எழுதிவிட்டார். புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் சேர்ந்து மறைந்தன! அமைப்புக் கோப்புகளை ஒளித்துவைக்க நல்ல இடம் என்று நிரல் எழுதுபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொன்னவர் அவர்களோடு பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக். 2003இல் வந்த ஒரு விதிமுறைக்குப் பிறகு, சிதறிக்கிடந்த இந்தக் கோப்புகளில் பல புள்ளி, கான்ஃபிக் என்ற ஒரே ஃபோல்டருக்குள் வந்து சேர்ந்தன.

சின்னமன், க்னோம் போன்றவற்றின் செட்டிங்ஸ் டிகான்ஃப் என்ற தனிக் கிடங்கில் இருக்கின்றன. இதோ, நான் ஆசையாக எடுத்துவைத்திருந்த விஷயம்! டெர்மினலில் டிகான்ஃப் வாட்ச் என்று தட்டி, இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போட்டு என்டர் அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து மவுஸ் வேகத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். டெர்மினலில் அந்த செட்டிங்கின் முழு முகவரியும் புது மதிப்பும் வந்து விழும்! பேனலை மேலே மாற்றுங்கள், இன்னொரு வரி. தீமை மாற்றுங்கள், இன்னும் சில வரிகள். நீங்கள் சொடுக்கும் ஒவ்வொரு பொத்தானும் உள்ளே எந்தக் கதவைத் திறக்கிறது என்பதை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பார்த்தது போதும், எடுத்துக்கொண்டே போக வேண்டுமா? வாட்ச் என்பதற்குப் பதிலாக டம்ப் என்று கொடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். பேனல், விசைக் குறுக்குவழிகள், தீம் தேர்வு என்று அந்தக் கிடங்கில் இருக்கிற அத்தனையும் ஒரே டெக்ஸ்ட் கோப்பாக வந்துவிடும், படித்தாலே புரிகிற எழுத்தில். பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அதே மின்ட் ஏறிய இன்னொரு கணினியில் டிகான்ஃப் லோட் என்று கொடுங்கள். கேப்ஸ் லாக்கில் தமிழ், வலது ஆல்ட்டில் ₹ எல்லாம் அங்கேயும் தயார். புள்ளி, எக்ஸ்காம்போஸ் கோப்பையும் ஸ்க்ரோல்பாருக்காக எழுதிய கோப்பையும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் கையோடு நகலெடுத்துக்கொள்ளுங்கள், அவை இந்தக் கிடங்குக்குள் வராது.